இலைக்குடை பிடித்த தவளை

தையல்காரிக்கு ஊர்வது, தாவுவது, நெளிவது எதுவுமே ஆகாது. சுவரில் பல்லி தெரிந்தால் போதும், அன்றைக்கு அந்த அறையில் தையல் மெஷின் ஓடாது. நத்தை போன தடத்தைப் பார்த்தால் சாப்பிட்டது தொண்டை வரைக்கும் வந்து நிற்கும். துணி காயப்போடும்போது ஒரு வண்டு முழங்கையில் உட்கார்ந்துவிட்டுப் போனால்கூட, தோட்டத்துக் குழாயடியில் சோப்பும் கையுமாக நின்றுவிடுவாள். "சோப்பு கம்பெனிக்காரன் உன்னை நம்பித்தான் கடை நடத்துறான்" என்பார் அவள் கணவர்.

அவரோ பூச்சி பொட்டுகளைப் படம் பிடிக்கவே பிறந்தவர். வேலை ஏதோ காப்பீட்டு அலுவலகத்தில். ஆனால் 'அதிசயம் சார்' என்றால்தான் வெளியில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு செடி கொடிகளுக்குள் குனிந்து குனிந்து நடப்பார். இந்தப் பனித்துளியைப் பாருங்கள், இந்த எறும்பின் மீசையைப் பாருங்கள் என்று அவர் அளந்துவிடுவதை எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

கூடத்துச் சுவரில் அவர் எடுத்த படம் ஒன்று சட்டம் போட்டுத் தொங்கியது. கொட்டும் மழையில் ஒரு பச்சைத் தவளை பின்னங்காலில் எழுந்து நின்று, சின்ன இலை ஒன்றைக் குடையாகப் பிடித்திருக்கும். அவருக்குப் பேரும் பெருமையும் வாங்கிக் கொடுத்த படம் அது. "விடியக்காலையிலேருந்து ஆடாம அசையாம உக்காந்திருந்தேன். அதுவா இலையை எடுத்துச்சு, அதுவா புடிச்சுச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

தையல்காரி அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட உட்காருவாள். ஆனாலும் அந்தப் படத்தால்தான் அவளுக்கு அவர்மேல் ஒரு மதிப்பு. டீ ஆறுவதற்குள் பத்துத் தரம் கத்துகிற மனிதர், ஒரு தவளைக்காகக் காத்துக் கிடந்தாரே! அந்தப் பொறுமைக்குள் எங்கேயோ ஒரு நல்ல மனசு இருக்கிறது என்று நம்பினாள். குடும்பமே அந்த நம்பிக்கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாலு பேர் முன்னால் "ரசனை எல்லாம் இவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது" என்று அவர் சிரிக்கும்போதெல்லாம், குறை தன்னிடம்தான் என்று வாயை மூடிக்கொள்வாள்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை மனசைக் கல்லாக்கிக்கொண்டு, "நாளைக்கு நானும் உங்ககூட சுத்திப் பாக்க வர்றேங்க" என்றாள்.

"நீயா? வாந்தி எடுத்துத் தொலைக்காம இருந்தா சரி" என்றார். "நாளைக்கு எங்கேயும் போகலை. நம்ம தோட்டத்துலயேதான். எல்லாருக்கும் டீ போட்டுடு."

காலையில் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். பால் பாக்கெட்டுக்குப் பின்னால் அவளுடைய பட்டன் டப்பா இருந்தது. பட்டனுக்கு ஃபிரிட்ஜில் என்ன வேலை என்று மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு தவளை மல்லாந்து கிடந்தது. வெளுத்த வயிறு, விறைத்த கால்கள், டப்பாவின் அடியில் பிசுபிசுவென்று ஏதோ தண்ணீர். அதற்குப் பக்கத்தில் வெண்ணெய். டப்பாவை அப்படியே போட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவரைத் தேடித் தோட்டத்துக்கு ஓடினாள்.

அவர் செடிமறைவில் குந்தியிருந்தார். ஒரு கையில் இன்னொரு தவளை துவண்டு கிடந்தது. மடியில் அவளுடைய நைலான் நூல்கண்டு. துணியில் தையல் தெரியக்கூடாத இடத்துக்கு அவள் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற கண்ணாடி நூல். அதைத் தவளையின் முன்னங்காலில் சுற்றி, இலைக்காம்போடு சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தார். நூல் தோலுக்குள் இறங்கியிருந்தது.

அவளைப் பார்த்ததும் அவர் பதறினாரா என்றால் அதுவும் இல்லை. "நல்ல வேளை, நீயே வந்தே. உனக்குத்தான் சின்ன விரல். தெரியாத மாதிரி ஒரு முடிச்சு போட்டுக் குடு. எனக்கு நழுவிக்கிட்டே போகுது" என்றார்.

"ஃபிரிட்ஜ்ல ஒண்ணு செத்துக் கிடக்குதுங்க."

"அட, அதை எடுக்க மறந்துட்டேனா? கொஞ்ச நேரம் குளிர்ல வச்சா மரத்துப் போய் அடங்கிக் கிடக்கும். அதிகமா வச்சாத்தான் தொல்லை."

"அப்ப கூடத்துல இருக்கிற படம்?"

"பின்னே, தவளை தானா குடை பிடிக்குமா? எல்லாரும் இப்படித்தான் எடுக்கிறாங்க. சும்மா நிக்காம முடிச்சைப் போடு. அவங்க வந்தா தூரத்துலேருந்து காட்டி அனுப்பிடலாம்."

அவள் இடது கையை நீட்டினாள். முடிச்சுப் போடத்தான் என்று நினைத்து அவரும் தவளையை அதில் வைத்தார். சில்லென்று, கொழகொழவென்று, உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது அந்தச் சனியன். அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரியை வலது கையால் எடுத்து நூலை வெட்டினாள்.

"ஏய், என்னடி பண்றே?"

தவளை அசையாமல் கிடந்தது. இதுவும் போய்விட்டதோ என்று கையை வெயிலுக்கு நகர்த்தி, கண்கொட்டாமல் பார்த்தாள். முதலில் தொண்டைத் தோல் லேசாகத் துடித்தது. பிறகு வேகமாகத் துடித்தது. கண்ணைத் திறந்தது. கருப்பு மணியைச் சுற்றிப் பொடிப் பொடியாகத் தங்கம் தூவின மாதிரி இருந்தது. அது எதையோ விழுங்க, அந்தக் கண்கள் தலைக்குள் அமுங்கி மறுபடி மேலே வந்தன. விழுங்குவதற்குக் கண்ணாலா தள்ளும்? ஒவ்வொரு விரல் நுனியிலும் குழந்தைச் சட்டைப் பட்டனைவிடச் சின்னதாக ஒரு வட்டம். அந்த விரல்களை ஒன்றொன்றாக எடுத்து வைத்து அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது.

அருவருப்பு போய்விட்டதா என்றால், அதெல்லாம் இல்லை. குமட்டிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு இருக்கிற பிராணிக்கு ஒரு குடை வேறு வேண்டியிருந்ததா இந்த மனிதருக்கு? தவளை அவள் கையிலேயே மூத்திரம் பெய்துவிட்டு ஒரே தாவலில் செடிக்குள் போனது.

வெளிக்கதவு கிரீச்சிட்டது. பல் டாக்டரும் அவர் மனைவியும், ரிட்டயரான நர்ஸம்மாவும் வந்தார்கள். தையல்காரி கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நூல்கண்டு அதற்குள் அவர் பைக்குள் போயிருந்தது; கையையும் கைக்குட்டையால் துடைத்துவிட்டிருந்தார்.

"அடடா, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா!" என்றார் கூசாமல். "அதே மாதிரி இலையைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. உங்க செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடிடுச்சு."

"ஐயோ, குடுத்து வைக்கலையே" என்றார் நர்ஸம்மா. பல் டாக்டரின் மனைவி தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள், பாவம்.

"அதைவிடப் பெரிய அதிசயம் கேளுங்க" என்று அவர் தையல்காரியின் வலது கையைப் பிடித்துத் தூக்கினார். "தவளைன்னா காத தூரம் ஓடுறவ, இன்னைக்குக் கையிலேயே வாங்கிட்டா! எல்லாம் என்கூட இருக்கிற பழக்கம்."

மூவரும் கைதட்டினார்கள். அவர் கை வெதுவெதுப்பாக, சுத்தமாகத்தான் இருந்தது. பிடி மெல்ல இறுகியது. வாயைத் திறக்காதே என்று அர்த்தம். பட்டன் டப்பாவைத் திறந்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு அருவருப்பாக இல்லை.

கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். சோப்பை எடுத்து நுரை பொங்கத் தேய்த்தாள். கழுவினாள். மறுபடி தேய்த்தாள்.

"ஏம்மா, ஒரு சின்னத் தவளையைத் தொட்டதுக்கா இந்தக் கழுவு கழுவுறே?" என்று சிரித்தார் நர்ஸம்மா.

தையல்காரி கணவரைப் பார்த்தாள். அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஈரம் காயாத இடது கையை அவள் தூக்கிக் காட்டினாள்.

"தவளை இருந்தது இந்தக் கையில, நர்ஸம்மா" என்று சொல்லிவிட்டு, வலது கைக்கு இன்னொரு தரம் சோப்புப் போட்டாள்.