கூவையாற்றுத் தரைப்பாலம்

1996 நவம்பர் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை. காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்தேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். தவறு நடந்தது அங்கேதான்.

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அச்சாகும் ஒரு மாலைப் பத்திரிகைக்கு மலைச் செய்திகளையும் நான்தான் எழுதிவந்தேன். யானை வந்தது, பாறை சரிந்தது, பிறகு மழைக்காலம் முழுக்கத் தினசரி மழை அளவு. எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, ஒன்பது மணிக்கு இறங்கும் ஒரே பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன்.

அந்த அளவைப் பத்திரிகைக்கு முன்னால் கேட்கிறவர் டிரைவர் கொம்பையா. பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் என்றால் அவர் பஸ்ஸை எடுக்க மாட்டார். அவ்வளவு பெய்தால் எஸ்டேட் அணை முற்பகலில் நிறைந்து மறுகால் பாயும். அந்தத் தண்ணீர் பாதி வழியிலுள்ள கூவையாற்றுத் தரைப்பாலத்தின் மேல்தான் வந்து விழும். எட்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு. நான் ஓர் எண் சொல்வேன். அவர் சாவியைத் திருகுவார், இல்லையென்றால் டீ குடிக்கப் போய்விடுவார்.

அன்று காலை ஹமீது பீவி என் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் மகன் தாஜ் முகம்மதுக்குத் துபாயில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை பம்பாயில் கம்பெனி அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். தவறினால் விசா அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதற்கு அன்று மாலை திருநெல்வேலியில் ரயில் ஏற வேண்டும்.

"வாத்தியாரையா, அந்தக் காயிதத்த இன்னொரு தடவ வாசிச்சுச் சொல்லுங்க. தேதி சரிதானான்னு மனசு கெடந்து அடிக்கு."

மூன்றாவது தடவையாக வாசித்துச் சொன்னேன். பஸ் ஹாரன் கேட்டது. மழைமானியிலிருந்த பாட்டிலை எடுத்து அளந்தேன். பத்து. கொம்பையாவிடம் சொன்னேன். எனக்கும் அன்று கீழே திருநெல்வேலியில் வேலை இருந்ததால் நானே கவரோடு ஏறிக்கொண்டேன். தாயும் மகனும் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது கொண்டைஊசி வளைவு தாண்டியதும் கவரைப் பிரித்துச் செய்தியைச் சரிபார்த்தேன். 'மழை அளவு பத்து சென்டிமீட்டர்.' பத்துக்குப் பின்னால் தசமப் புள்ளிகூட இல்லை, கச்சிதமாகப் பத்து. எங்கள் பாட்டில் கொள்வதே பத்துதான். அதற்கு மேல் பெய்வது வழிந்து வெளிப்பாத்திரத்தில் தேங்கும். அதையும் அளந்து கூட்ட வேண்டும். நான் வெளிப்பாத்திரத்தைப் பார்க்கவே இல்லை.

வழிந்தது ஒரு சென்டிமீட்டராக இருக்கலாம். பதினைந்தாகவும் இருக்கலாம்.

எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன்.

"கொம்பையா, நான் சொன்ன அளவு தப்பு."

"எவ்வளவு தப்பு?"

"தெரியாது. பத்துக்குக் கொறையாது. அது மட்டுந்தான் தெரியும்."

அவர் திரும்பவில்லை. "பாலத்துல போயி பாத்துக்கிடுவோம்" என்று மட்டும் சொன்னார்.

பாலத்துக்கு முப்பது அடி மேலே பஸ்ஸை நிறுத்தினார். மணி பத்தரை. தண்ணீர் கணுக்கால் அளவுக்குத்தான் ஓடியது, அதுவும் தெளிவாக. வேறு நாளாக இருந்தால் பேச்சே இல்லாமல் இறக்கியிருப்பார்.

"என்னவே, எருமை படுக்கக்கூடக் காணாது இந்தத் தண்ணி" என்றார் பின் இருக்கையிலிருந்து கங்காணி அப்பாத்துரை.

"வாத்தியாரு அளவு தப்பிட்டுன்னு சொல்லுதாரு. அணை நெறஞ்சிருந்தா எந்நேரமும் வெள்ளம் எறங்கும்" என்றார் கொம்பையா.

"பேப்பர்க்காரரு காலையில ஒண்ணு சொல்லுவாரு, பத்தரைக்கு ஒண்ணு சொல்லுவாரு. அதுக்குத்தான சம்பளம்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். கொம்பையா என்ஜினை அணைத்தார். "நாப்பது உசுரு இருக்கு அண்ணாச்சி. ஒரு மணி நேரம் பாப்போம். வெள்ளம் வரலன்னா போவோம்."

தாஜ் என்னிடம் வந்தான். "சார், இந்தப் பாலத்தத் தாண்டிட்டா செக்போஸ்ட் நாலு மைலு. அங்கன லாரி கெடைக்கும். நான் நடந்துருதேன்."

"இருபத்தஞ்சு பேஞ்சிருந்தா?"

"பதினொண்ணு பேஞ்சிருந்தா?"

வெளிப்பாத்திரத்தைப் பார்த்திருந்தால் எது சரியென்று தெரிந்திருக்கும். "நான் முன்னால போறேன். நீ என் தோளப் பிடிச்சுக்கோ" என்றேன்.

"பெட்டியத் தூக்காத லே. கை ரெண்டும் வேணும்" என்றார் கொம்பையா. தாஜ் காகிதங்களைப் பாலிதீன் பையில் சுருட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். ஹமீது பீவி மகனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. அவராகவே விட்டார்.

"பையப் போ வாப்பா" என்றார்.

பாலத்தின் ஓரமாகப் பதினொரு குத்துக்கற்கள் உண்டு. அவற்றைத் தொட்டுக்கொண்டே நடந்தோம். நான்காவது கல் வரை தண்ணீர் கணுக்காலில்தான் இருந்தது. ஐந்தாவதில் மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. திரும்பிப் பார்த்தேன், பஸ் தெரியவில்லை. ஆறாவதில் தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. தேயிலைச் சுள்ளிகள் காலில் வந்து மோதின. ஆற்றின் சத்தம் அடியிலிருந்து எழுந்தது.

"சார், கூடுது."

"கல்லைப் பாரு. தண்ணியப் பாக்காத."

எட்டாவதில் முழங்கால். என் செருப்பு போய்விட்டது. ஒன்பதாவது கல்லைக் கையால் தேடினேன், தண்ணீருக்குள் இருந்தது. என் தோளிலிருந்து பிடி விலகியது. கையைப் பின்னால் வீசினேன். சட்டைக் காலர் அகப்பட்டது. அவன் ஒரு காலை எங்கோ ஊன்றி என்னை முன்னால் தள்ளினான். பத்தாவது கல்லை நான் பார்க்கவே இல்லை. அடுத்து என் கைக்கு வந்தது கரைப்புல்.

மேட்டில் ஏறி உட்கார்ந்தபோது பின்னால் கல்லும் இல்லை, பாலமும் இல்லை. சிவப்புத் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. தாஜ் வாயில் கைகளைக் குவித்து "உம்மா" என்று கத்தினான். பக்கத்தில் இருந்த எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. நாலு தடவை கத்திவிட்டு நிறுத்தினான்.

செக்போஸ்டில் மலைக்குப் போகும் தொலைபேசி செத்திருந்தது. விறகு லாரி ஒன்று அம்பாசமுத்திரம் வரை கொண்டுபோய் விட்டது. மாலை ஐந்தரைக்குத் திருநெல்வேலி ஸ்டேஷனில், என் மைத்துனனின் சட்டையையும் வேட்டியையும் போட்டுக்கொண்டு தாஜ் ரயில் ஏறினான்.

பாதை நாலு நாள் திறக்கவில்லை. திங்கட்கிழமை தொலைபேசி லைன்மேன்களோடு பாலத்தைக் கயிறு பிடித்துக் கடந்து நடந்தே மேலே போனேன். கொம்பையா வியாழனன்றே பஸ்ஸைப் பின்பக்கமாகவே ஓட்டி வளைவில் திருப்பி, எல்லோரையும் எஸ்டேட்டில் கொண்டு சேர்த்திருந்தார். தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் ஹமீது பீவி உட்கார்ந்திருந்தார். கொடியில், பெட்டியோடு திரும்பி வந்த தாஜின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. என்னைப் பார்த்து எழுந்தவர், எனக்குப் பின்னால் பார்த்தார்.

"ஒத்தையாவா வாரீய?"

"ரயிலேறிட்டான்மா. நேத்து ராத்திரி பம்பாயிலேர்ந்து பத்திரிகை ஆபீசுக்குப் போன் பண்ணினான். இன்னைக்குக் காலையில கம்பெனிக்குப் போயிருப்பான்."

அவர் மெல்ல உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "அன்னைக்கு நீங்க சரியா அளந்திருந்தா பஸ் எடுத்திருக்க மாட்டாவ, இல்லியா?"

"எடுத்திருக்க மாட்டாங்க."

"அவனும் போயிருக்க மாட்டான்."

"ஆமா."

அதை எந்த எண்ணத்தில் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. திட்டியிருந்தால் நின்று வாங்கியிருப்பேன். பாலத்திலிருந்து பஸ் திரும்பும்வரை மூடுபனியில் அக்கரை தெரியவே இல்லை என்று அப்பாத்துரை பிறகு சொன்னார். அந்த நாலு நாளும் அந்தம்மா அடுப்பு பற்றவைக்கவில்லையாம்.

"காயிதம் வச்சிருக்கீயளா?" என்றார் ஹமீது பீவி. "அவனுக்கு ரெண்டு வரி எழுதணும்."

பையிலிருந்து இன்லண்ட் லெட்டரை எடுத்தேன். தேதி போட்டேன். பம்பாய் கம்பெனி விலாசம் போட்டேன்.

"நீ அக்கரையில ஏறுனத உம்மா பாத்துக்கிட்டேதான் இருந்தேன்னு எழுதுங்க. நல்லாத் தெரிஞ்சுதுன்னு எழுதுங்க."

பேனாவை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் கொடியிலிருந்த சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னபடியே எழுதினேன்.