கை பட்டால் தோல்வி

எங்கள் ஊர் ராப் சண்டையில் ஒரே ஒரு விதிதான். வாயால் எதிராளியின் தோலை உரிக்கலாம், கை மட்டும் படக்கூடாது. பட்டால் தோல்வி.

அன்று இறுதிச் சுற்று. ஒரு பக்கம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் செய்கிற என் அக்கா. இறுதிவரை வந்த முதல் பெண். மறுபக்கம் மூன்று வருடமாக ஜெயிக்கிற, மேடையில் 'இடி' என்று பேர் எடுத்தவன். இடி என் புருஷன்.

முந்தின நாள் என் சுண்டுவிரலுக்குக் கட்டுப்போட்டது அக்காதான். "நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லட்டுமாடி?" என்று கேட்டாள். மாமியாரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று, அவன் கூட்டாளிகளிடமும் அழுதாயிற்று. "மைக் புடிச்சாத்தான்மா புலி, வீட்டுல பூனை" என்று சிரித்தார்கள். ஊரே கேட்டால் ஒருத்தராவது நம்பமாட்டார்களா என்ற நப்பாசை எனக்கு. சொல்லு என்றேன்.

பழைய டயர் கிடங்கில் மேடை. கூட்டம் பிதுங்கியது. வீட்டில் வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடுகிறவன், மைக் கைக்கு வந்ததும் ஆரம்பித்தான்.

"கம்பிய ஒட்டுற, காத்திருந்து பாக்குற,
கட்டிக்க ஆளில்ல, மைக்கத்தான் தூக்குற!"

ஆம்பளைகள் விசிலடித்தே செத்தார்கள். அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"மேடையில இடி, வீட்டுக்குள்ள அடி,
சோத்துல உப்பில்லன்னா சுவத்துல முடி!
தங்கச்சி விரல கதவுல வச்ச,
சாத்திட்டு வந்துதான் மைக்கப் புடிச்ச!"

கிடங்கே அதிர்ந்தது. துள்ளிக் குதித்தார்கள், ஒருத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான். "செம அடி!" என்றார்கள். அவர்களுக்கு அதுவும் ஒரு வரி, அவ்வளவுதான். இந்த மேடையில் யாரும் யாரைப் பற்றியும் எதையும் அவிழ்த்துவிடலாம், கேட்டுவிட்டுக் கைதட்டிப் போவார்கள். நான் விறுவிறுவென்று மேடை ஏறிக் கட்டைப் பிரித்தேன். கறுத்து வீங்கி, நகம் இல்லாமல் இருந்த விரலைத் தூக்கிப் பிடித்தேன்.

சிரிப்பு அடங்கியது.

"கீழ எறங்குடி, நாயே" என்றான். அடுத்த நொடி கன்னத்தில் இடி இறங்கியது. உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது.

அக்கா நடுவர் பக்கம் திரும்பினாள். அவர் சலூன் கடைக்காரர், நல்ல மனுஷர் என்று பெயர். "அண்ணே, கை நீட்டிட்டான். சொல்லுங்க, தோத்துட்டான்னு."

அவர் தலையைச் சொறிந்தார். "எதிராளியத் தொட்டாத்தானேம்மா தோல்வி? அது அவரு சம்சாரம். வீட்டு விஷயம் போட்டியில வராது." என்னிடம் திரும்பினார். "நீ கீழ எறங்கும்மா. ஸ்பீக்கர் தம்பி, பீட்டப் போடு!"

பீட் ஒலித்தது. பாவிகள், தலையாட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்கா மைக்கைத் திருப்பிப் பிடித்து அவன் மூக்கில் ஒரே போடு போட்டாள். மைக் அணைக்கப்படாததால் எலும்பு நொறுங்கிய சத்தம் ஸ்பீக்கர் வழியே கிடங்கு முழுக்கக் கேட்டது. அவன் மண்டியிட்டு மூக்கைப் பொத்தினான். விரலிடுக்கெல்லாம் ரத்தம்.

நடுவருக்கு இப்போது விதி பளிச்சென்று நினைவுக்கு வந்தது. "எதிராளியத் தொட்டாச்சு! பொண்ணு தோத்தாச்சு!" என்று கத்தினார்.

"தோத்தாச்சுல்ல?" என்று அக்கா கேட்டாள். "அப்ப இனிமே போட்டி இல்ல. வீட்டு விஷயம்தான்."

மைக்கை மறுபடி ஓங்கினாள். அவன் என்னைப் பார்த்தான், தடுப்பேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. நான் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.