லீலாபாயின் பொட்டலத்தாள் புத்தகம்

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் முத்துநாயகம் தம் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கத் தீர்மானித்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. நல்ல புத்தகங்களின் நடுவே வளர்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்பது கேட்டவர்களிடம் அவர் சொன்ன காரணம். குலசேகரத்துப் பள்ளிக்கூடத்தில் ரப்பர் பால் வெட்டுகிற கூலிக்காரர்களின் பிள்ளைகளும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள் என்பது சொல்லாத காரணம்.

நல்ல புத்தகங்கள் முன்னறைக் கண்ணாடி அலமாரியில் இருந்தன. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் சாமான்களை ஏலம் விட்டபோது, ஒரு குதிரைச் சேணத்தோடு சேர்த்து எடுத்தது. மொத்தம் நாற்பத்திரண்டு, எல்லாம் இங்கிலீஷ், எல்லாம் பொன்னெழுத்து. குதிரை இல்லாததால் சேணம் பரணுக்குப் போயிற்று. புத்தகங்களுக்கு அப்படி எந்த நிபந்தனையும் கிடையாது என்பதால் அவை முன்னறைக்கு வந்தன.

அலமாரிச் சாவி ரைட்டரின் கோட்டுப் பையில் இருக்கும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மகளை அலமாரியின் முன்னால் நிறுத்துவார்.

“கை கழுவினியா?”

“கழுவினேன்.”

“அப்ப ரெண்டடி தள்ளி நின்னு வாசி.”

லீலாபாய் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நாற்பத்திரண்டு முதுகுகளையும் வாசிப்பாள். ஒன்பது வயதில் அத்தனை பெயர்களும் தலைகீழாகப் பாடம். இப்படி ஒரு வாசிப்பு இந்தத் தாலுகாவிலேயே எந்த வீட்டிலும் கிடையாது என்று ரைட்டர் ஞாயிற்றுக்கிழமை சபையில் சொல்லிக்கொண்டார். அதில் பொய் இல்லை.

உண்மையில் பிள்ளைக்கு எழுத்தும் வாசிப்பும் சொல்லிக்கொடுத்தது அவர் மனைவி விக்டோரியா. மிஷன் போர்டிங்கில் லேஸ் பின்னக் கற்றபோது கூடவே தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் கற்றவள். காலையில் சிலேட்டில் கணக்கு, பிறகு எழுத்து. வாசிக்க மட்டும் வீட்டில் ஒன்றும் இல்லை. கதைப் புத்தகம் வாங்கலாமா என்று ஒருமுறை கேட்டதற்கு, “கதை எல்லாம் கள்ளமாக்கும். அலமாரி நெறைய நல்லது இருக்கும்போ உனக்கென்ன குறை?” என்று ரைட்டர் முடித்துவிட்டார்.

குறை தீர்ந்தது தாணுமாலயனின் பலசரக்குக் கடையில். அவர் பழைய பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாக வாங்கித் தாள் தாளாகக் கிழித்துப் பொட்டலம் மடிப்பார். ஒருநாள் மிளகைக் கொட்டிவிட்டுத் தாளை அடுப்பில் போடப் போன விக்டோரியாவின் கண்ணில் ஒரு வரி பட்டது. காணாமல் போன அப்பனைத் தேடி ஒரு தோணிக்காரன் மகள் தனியாக ஆற்றில் இறங்குகிறாள். கீழே ‘தொடரும்’ என்றிருந்தது.

அன்றிலிருந்து அம்மாவும் மகளும் பொட்டலங்களை அவிழ்க்கும் விதமே மாறிவிட்டது. நூலை அறுக்காமல் முடிச்சைப் பிரிப்பார்கள். தாளை ஈரத்துணியால் துடைத்து, பலகைக்கு அடியில் வைத்து மட்டமாக்குவார்கள். கிழிந்த இடத்தில் மரச்சீனிக் கிழங்கு மாவுப் பசை. தோணிக்காரன் மகள் மூன்றாம் வாரம் நடு ஆற்றில் இருந்தாள். அவள் வீட்டைவிட்டுப் புறப்பட்ட கதை ஐந்தாம் வாரம் கடுகோடு வந்து சேர்ந்தது. அவளை முதலை துரத்திய அத்தியாயம் பெருங்காய மணம் மணத்தது. கருப்பட்டி ஒட்டிய இடத்தில் என்ன எழுதியிருந்திருக்கும் என்று லீலாபாய் மூன்று நாள் யோசித்து, தானே ஒன்று சொன்னாள். அச்சிட்டவன் போட்டிருந்தாலும் அத்தனை நன்றாக இருந்திருக்காது என்று விக்டோரியாவுக்குத் தோன்றியது. தாள்களை அடுக்கி லேஸ் நூலால் தைத்தார்கள். அரிசிப் பானைக்குப் பின்னால் அதற்கு இடம்.

“அம்மா, இதுக்க பாக்கி எப்ப வரும்?”

“கடுகு தீரட்டும் மக்கா.”

“ரெண்டு பொட்டலமா கேளும்மா. அப்ப தாளு ரெண்டு கிட்டும்.”

“கேக்கேன். அப்பாட்ட மட்டும் பறையாண்டாம், கேட்டியா?”

தாணுமாலயன் ஒருநாள் கேட்டேவிட்டார். “என்ன ரைட்டரம்மா, வீட்டுல எல்லாரும் காயம் தின்னே வயிறு நெறைக்கினுமா? வாரத்துக்கு மூணு பொட்டலம் போவுதே.”

“வாய்வுத் தொந்தரவு” என்றாள் விக்டோரியா.

“ரைட்டருக்கா? அது நாட்டுக்கே தெரிஞ்ச விசயமாக்குமே.”

1926 கிறிஸ்துமஸுக்கு முந்தின மாதம், மிஷன் துரையின் மனைவி வீடுகளைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. ரைட்டர் அலமாரியைத் துடைத்தார். ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்தை மகளுக்கு மனப்பாடம் செய்வித்தார். அது முன்னுரை, அதற்கு அர்த்தம் அவருக்கும் தெரியாது.

துரைசானி, சபை உபதேசியார் யேசுரத்தினத்தோடு வந்தார். துரைமாருக்குப் பாடம் சொல்லும் முன்ஷியிடம் ஏட்டுத் தமிழ் கற்றவர் துரைசானி. “இந்த இல்லத்தில் நூல்கள் மிகவும் நேசிக்கப்படுகின்றன என்று செவியுற்றோம்” என்றார்.

“ரைட்டர் ராத்திரி பகலா வாசிப்பாராக்கும்” என்றார் உபதேசியார், பலகாரத் தட்டைப் பார்த்தபடி.

ரைட்டர் அலமாரியைத் திறந்தார். துரைசானி ஒரு புத்தகத்தை எடுத்து விரிக்கப் பார்த்தார். அது விரியவில்லை. சீமையில் சில புத்தகங்களைத் தாளின் மடிப்பை வெட்டாமலேயே அட்டை போட்டு விற்பார்கள். வாங்குகிறவன் கத்தியால் பக்கம் பக்கமாகக் கீறித் திறந்து வாசிக்க வேண்டும். பழைய துரை கீறவில்லை. ரைட்டரும் கீறவில்லை. முன்னுரைக்குப் பிறகு எல்லாப் பக்கங்களும் பிறந்தபடியே மூடிக் கிடந்தன. துரைசானி இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே.

“இவற்றின் பக்கங்கள் இன்னும் திறக்கப்படவில்லையே.”

“அழுக்காவாம இருக்கட்டும்னு…” என்றார் ரைட்டர்.

உபதேசியார் கூரை உத்தரங்களை எண்ண ஆரம்பித்தார். ரைட்டருக்குக் காது சிவந்தது. தப்பிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி மகள்தான்.

“லீலா, நீ ஆசையா வாசிக்கிய பொஸ்தகத்தை எடுத்து துரைசானியம்மைக்கு வாசிச்சுக் காட்டு மக்கா.”

முன்னுரையைத்தான் சொல்கிறார் என்று விக்டோரியாவுக்குத் தெரிந்தது. பிள்ளையோ ‘ஆசையா’ என்ற சொல்லை மட்டும் கேட்டாள். துள்ளிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். அரிசிப் பானை நகரும் சத்தம் கேட்டது.

லீலாபாய் வாசித்தாள். தோணிக்காரன் மகள் பேசும்போது ஒரு குரல், முதலைக்கு ஒரு குரல். தாளில் இல்லாத இடங்களைத் தன் சொந்தக் கதையால் நிரப்பி, நிற்காமல் போனாள். துரைசானியின் தேத்தண்ணீர் ஆறியது. அப்பனின் துடுப்பு கரையில் ஒதுங்கிக் கிடக்கும் இடத்தில் பிள்ளை நிறுத்தினாள்.

“அப்புறம்?” என்றார் துரைசானி. முன்ஷியின் தமிழை அவர் மறந்துபோன ஒரே சமயம் அது.

“பாக்கி இன்னும் கிட்டல்ல. கடையில வரும்.”

உபதேசியார் அந்தப் புத்தகத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். “ரைட்டரே, ஒமக்க மகளுக்க பொஸ்தகத்துல வாசனையும் உண்டே. காயமாக்கும்” என்று சொல்லித் தோள் குலுங்கச் சிரித்தார்.

ரைட்டர் சிரிக்கவில்லை. “இது யாருக்க வேலை?” என்று மனைவியைப் பார்த்தார்.

லீலாபாயும் அம்மாவைப் பார்த்தாள். பிள்ளையின் முகம் மலர்ந்திருந்தது. எல்லாம் தெரிந்தவள் அம்மா. மடிப்பு நீக்கியதும் தைத்ததும் அவள் கை. இப்போது அம்மா சொல்லுவாள்.

விக்டோரியாவின் கையில் தட்டு இருந்தது. ஆட்கள் இருந்தார்கள். ரைட்டரின் காது இன்னும் சிவப்பாகவே இருந்தது.

“எனக்குத் தெரியாது” என்றாள். “பிள்ளை எங்கயோ குப்பையில பொறுக்கினது.”

சிறுமி மிக நன்றாக வாசிக்கிறாள் என்று துரைசானி போகும்போது சொன்னார். அலமாரியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று ரைட்டர் எடுத்துக்கொண்டார். விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு விக்டோரியா உள்ளே திரும்பியபோது, வீடு முழுக்கக் காயம் கருகும் மணம். அடுப்பின் முன்னால் லீலாபாய் குத்தவைத்திருந்தாள். புத்தகத்தை அடுப்பில் போட யாரும் சொல்லவில்லை. அவள் அழவும் இல்லை.

அடுத்த வாரம் விக்டோரியா கொத்தமல்லிப் பொட்டலத்தை முடிச்சுப் பிரித்து, தாளை மட்டமாக்கி மகளிடம் நீட்டினாள்.

“வேண்டாம்மா.”

“ஏன் மக்கா? கதை உண்டு, பாரு.”

“அது குப்பையில பொறுக்கினதுல்லா” என்றாள் பிள்ளை. குத்திக் காட்டவில்லை, சொல்லித்தந்த பாடத்தை ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

ரைட்டர் சவரக் கத்தியால் நாற்பத்திரண்டு புத்தகங்களையும் ஒரு மாதத்தில் கீறித் தள்ளினார். பிறகு லீலாபாய் தினமும் ஒரு மணி நேரம் உரக்க வாசித்தாள். முற்றுப்புள்ளிக்கும் நிற்க மாட்டாள், எந்த இடத்திலும் ‘அப்புறம்?’ என்று கேட்கவும் மாட்டாள். மணி அடித்தால் பாதிச் சொல்லில் மூடிவிடுவாள். “எனக்க மகளுக்கு நல்ல பொஸ்தகம்னா உயிரு” என்று ரைட்டர் சபையில் சொன்னார். வீட்டில் வைத்தே பிள்ளைகளை வாசிக்கப் பழக்குவது எப்படி என்று இரண்டு வீட்டார் அவரிடம் யோசனை கேட்டுப் போனார்கள்.

1935இல் லீலாபாய்க்குக் களியக்காவிளையில் கல்யாணமாயிற்று. அலமாரி வில்வண்டிக்குப் பின்னால் தனி வண்டியில் சீதனமாகப் போனது. மாப்பிள்ளை வீட்டார் புத்தகங்களைப் பெட்டியில் கட்டி, கண்ணாடிக்குள் பீங்கான் கோப்பைகளை அடுக்கினார்கள். அதில் லீலாபாய்க்கு ஒரு வருத்தமும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து விக்டோரியா மகளைப் பார்க்கப் புறப்பட்டாள். வழியில் தாணுமாலயன் கடையில் இறங்கினாள்.

“கால் ராத்தல் நல்லமிளகு தாரும். அச்சடிச்ச தாளுல மடியும்.”

தாணுமாலயன் பத்திரிகைக் கட்டுக்குள் தேடி, கதைபோல் தெரிந்த ஒரு தாளை எடுத்து மடித்தார்.

களியக்காவிளை அடுக்களையில் லீலாபாய் அம்மாவுக்குக் கஞ்சி எடுத்து வைத்தாள். அப்பாவின் முட்டு வலியை விசாரித்தாள். பொட்டலத்தை வாங்கினாள். விக்டோரியா மகளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை நூலைப் பிடித்து ஒரே இழுப்பில் அறுத்தன. மிளகு டப்பாவில் விழுந்தது. தாள் கசங்கி அடுப்புக்குள் போயிற்று.

“என்னம்மா பாக்கிய?”

“ஒண்ணுமில்ல மக்கா. மிளகு நல்லதுதானான்னு பாத்தேன்.”

“கொள்ளாம், நல்ல முத்து” என்று சொல்லி லீலாபாய் டப்பாவை மூடினாள்.

அடுப்புக்குள் தாள் கறுத்துச் சுருண்டது. கருகின பிறகும் எழுத்துகள் கொஞ்ச நேரம் வெள்ளி மாதிரித் தெரிந்தன. குனிந்தால் இரண்டு வரி வாசித்திருக்கலாம். மகள் ஊதுகுழலை எடுத்து ஊதினாள்.