கார்த்திகேயனின் மீன்

கார்த்திகேயனை எரித்துவிட்டு வந்த அன்று சாயங்காலம், அவன் கையில் பச்சை குத்தியிருந்த மீன் அவன் மனைவி சிவரஞ்சனியின் கைக்கு வந்து சேர்ந்தது. கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள்தான் முதலில் பார்த்தாள். அவளுடைய வலது முன்கையில் ஏற்கெனவே ஒரு மீன் உண்டு. இப்போது மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று, முழங்கையைப் பார்த்தபடி, வாலை மெல்ல ஆட்டிக்கொண்டு நின்றது. கார்த்திகேயனுடையதுதான், சந்தேகமில்லை. வால் நுனியில் ஒரு பக்கம் மை அப்பியிருந்தது. ஊசி பட்டதும் அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டதால் வந்த பிசகு அது. துண்டால் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. ஈரப் புடவையோடு உள்ளே போய் மாமியார் விசாலத்திடம் கையைக் காட்டினாள். கூடியிருந்தவர்களில் ஒருவரும் கத்தவில்லை. கானாடுகாத்தானில் அந்தச் சாவு வீட்டில் அதைவிட அவசரமான வேலைகள் இருந்தன. காப்பிக்குப் பால் பற்றாமல் ஆள் அனுப்பியிருந்தார்கள்.

அந்த மீன்கள் காரைக்குடி செக்காலை ரோட்டில், மொபைல் கடைக்கு மேல் மாடியில், சரவணகுமார் குத்தியவை. சிங்கம்புணரிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, மதுரையில் தொழில் கற்று வந்தவர். ராசி டாட்டூ என்றால் இந்த வட்டாரத்தில் அவர்தான். பையன்கள் போனில் ஆங்கிலப் படத்தைக் காட்டுவார்கள்: ஒரு வட்டம், மேலே இரண்டு கொம்பு, அதுதான் ரிஷபமாம். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். திமில் இல்லாத காளையை எந்த மஞ்சுவிரட்டில் அவிழ்த்து விடுவார்கள் என்று கேட்டுவிட்டு, திமிலோடுதான் வரைவார். ஆங்கிலத் தேதிப்படி ஒரு ராசியும் ஜாதகப்படி வேறு ராசியும் உள்ளவர்களிடம் நட்சத்திரத்தைக் கேட்டுத்தான் மெஷினை எடுப்பார். அப்படியும் பிடிவாதமாக ஒரு தோளில் சிம்மமும் மறு தோளில் கடகமும் குத்திக்கொண்ட வங்கிக்காரர் ஒருவருக்கு, நண்டு சிங்கத்துக்குப் பயந்து முதுகுக்குக் குடிபோய்விட்டது. அரிசிக் கடைக்காரர் ஒருவருடைய துலாம், அவர் அரிசியை எடையில் குறைக்கும்போதெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்ததால் சித்திரை வெயிலிலும் அவர் முழுக்கைச் சட்டைதான். கொத்தமங்கலத்து அம்மாக்கண்ணுவின் தோளில் உள்ள கும்பம் கோடையில் கசியும். துண்டு இல்லாமல் அவர் வெளியே கிளம்புவதில்லை. யார் வந்து முறையிட்டாலும் சரவணகுமார் ஒரே பதில்தான் சொல்வார்: மை மங்கினால் வாருங்கள், மறுபடி போட்டுத் தருகிறேன், ராசிக்கு நான் பொறுப்பில்லை. இதில் கோபப்பட ஒன்றும் இல்லை, ஜோசியர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கார்த்திகேயன், சிவரஞ்சனி இருவருமே மீனம். ஏக ராசி, ஏழரைச் சனி வந்தால் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடிக்கும் என்று ஜோசியர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நடந்த கல்யாணம். பிறகு ஏழரை வந்தது. பிள்ளை இல்லை, அவன் நடத்திய கிரானைட் வியாபாரமும் படுத்துவிட்டது. ராசியை உடம்பில் எழுதிக்கொண்டால், இது ஏற்கெனவே ஆள் இருக்கிற வீடு என்று சனி தாண்டிப் போய்விடும் என யூடியூபில் ஒருவர் சொன்னதைக் கேட்டு இருவரும் செக்காலை ரோட்டுக்குப் போனார்கள். மீனத்துக்கு இரண்டு மீன் என்று சரவணகுமார் விளக்கினார். ஒன்று ஓட்டத்தோடு போகும், மற்றது எதிர்த்துப் போகும்; ஒன்றின் தலைப்பக்கம் மற்றதன் வால் இருக்க வேண்டும்; இரண்டையும் ஒரு கயிறு சேர்த்துக் கட்டியிருக்கும், இல்லையென்றால் ஆளுக்கொரு திசையில் போய்விடும். சிவரஞ்சனி கையில் முதல் மீன் முடிந்தது. பார்த்துக்கொண்டிருந்த கார்த்திகேயனுக்கு வேர்த்துவிட்டது. தன்னால் ஒரு மீனுக்கு மேல் தாங்க முடியாது, அதனால் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்கிறோம் என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் குடியிருந்த வீடே அப்படித்தான் பிரிந்து கிடந்தது: முகப்பு ஒரு பங்காளிக்கு, இரண்டாம் கட்டில் இரண்டு அறை இவர்களுக்கு, பெரிய கதவின் சாவி மலேசியாவில் இருக்கிறவருக்கு. எதையும் பங்கு வைத்தே அனுபவித்துப் பழகியவர்கள் ராசியையும் பங்கு வைத்தார்கள். இரண்டு பேர் கையில் இருக்கிற மீன்களுக்குக் கயிற்றை எங்கே கட்டுவது? சரவணகுமார் கயிறு போடாமல் விட்டுவிட்டார்.

சனி தாண்டிப் போகவில்லை. முகப்புப் பங்காளி தன் பகுதியை விடுதியாக்கியிருந்தார்; அங்கே வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டும் வேலையைக் கார்த்திகேயன் பார்த்துவந்தான். போன வருஷம் ஒரு நாள் காலையில், பர்மாத் தேக்கு எப்படிக் கப்பலேறி வந்தது என்று பிரெஞ்சுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் வாக்கியத்தை முடிக்காமல் தூணடியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. அவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு ஆளைக் கூப்பிட்டார்கள்.

சிவரஞ்சனி அழவில்லை. பிணத்தை எடுக்கும்போது, திகைப்பில் அழவில்லை என்றார்கள், விட்டுவிட்டார்கள். மீன் வந்த பிறகு கை மரத்தது. முதலில் விரல்கள், பிறகு முழங்கை வரை, அப்புறம் எது மரத்தது எது மரக்கவில்லை என்று அவளுக்கே பிடிபடாமல் போனது. துக்கம் கேட்க வந்த பெண்கள் ஒப்பாரியைத் தொடங்குவதற்கு முன்னாலேயே மீனைப் பார்த்துவிடுவார்கள். பார்த்த பிறகு எப்படி அழுவது? அது துள்ளுகிறதே, புரளுகிறதே என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காப்பி குடித்து, மல்லிகை விலை பேசிவிட்டுப் போனார்கள். பதினாறாம் நாளும் அப்படியே கழிந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், விடுதியின் துணிகளை எண்ணி வெளுக்கப் போட்டாள். கணவன் செத்த வீடு என்று அந்த வீட்டைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

விசாலத்தைப் பொறுத்தவரை யாரும் சாகவில்லை. காலையில் காப்பி குடித்ததும் மருமகளின் கையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். தம்பி என்று கூப்பிட்டால் மீன் தலையைத் திருப்பும். கரண்ட் எத்தனை தடவை போனது, மலேசியாப் பங்காளி சாவியைப் பற்றி என்ன சொன்னார், யார் வீட்டில் நிச்சயம் என்று எல்லாவற்றையும் அதனிடம் சொல்வார். மீன் கேட்டுக்கொண்டு நிற்கும். உயிரோடு இருந்தபோது கார்த்திகேயன் அம்மா பேச்சை இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிவரஞ்சனி கையை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவளுடைய சொந்த மீன் இந்த நேரங்களில் முழங்கைப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளும்.

வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்த ஒரு நாள் எண்ணெய்ச் சட்டி சரிந்து அவள் வலது புறங்கையில் கொட்டியது. மீன்கள் இரண்டும் தோள்பட்டைக்கு ஓடிவிட்டன. அவள் அடுத்த கரண்டி மாவை ஊற்றப் போனாள். தோல் கருகிய வாடை பிடித்துப் பக்கத்துக் கட்டிலிருந்து ஆள் வந்து சொன்ன பிறகுதான் கையைப் பார்த்தாள். காரைக்குடி டாக்டர் கட்டுப் போட்டார். நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறது, மரத்துப்போகக் காரணம் எதுவும் இல்லை என்றார். அன்றைக்குத்தான் அவள் பயந்தாள். புண்ணுக்காக இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் கார்த்திகேயனை நினைத்துப் பார்த்தாள். பெயர் வந்தது, முகம் வந்தது, அதற்கு மேல் எதுவும் வரவில்லை. அவன் இல்லை என்ற வருத்தம் எங்கேயாவது இருக்கும் என்று தேடினாள், கிடைக்கவில்லை. இப்படியே போனால் அவன் செத்துப்போனது தனக்குத் தெரியாமலேயே தானும் செத்துவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த வாரம்தான் கோயில் புள்ளி எடுத்தார்கள், அதாவது கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் கணக்கு. கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. இருவரில் ஒருவர் போய்விட்டால் மிச்சமிருப்பவர் அரைப்புள்ளி. விசாலம் பல வருஷமாக அரைதான். சிவரஞ்சனியை எப்படிப் போடுவது என்பதில் சிக்கல் வந்தது. கோயில் காரியக்காரர் இராமு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து மீனை நெடுநேரம் பார்த்தார். செத்தவன் என்றால் அம்மா கூப்பிட்டுத் திரும்புவானா என்று ஒருவர் கேட்டார். எரித்த சாம்பலைக் கரைத்தது நான்தானே என்று மற்றவர் சொன்னார். இராமு ஈர மனசுக்காரர். சின்ன வயசுப் பெண்ணை அரை என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. மீன் நிலையாகத் தங்கும் என்றால் முழுப்புள்ளியாகவே போட்டுவிடலாம் என்றார். விசாலத்தின் முகம் மலர்ந்தது. தங்குமா தங்காதா என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் சரவணகுமார் என்பதால், எல்லோரும் இராமுவின் காரிலேயே செக்காலை ரோட்டுக்குப் போனார்கள்.

சரவணகுமார் அந்தக் கையை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். கயிறு இல்லாததால்தான் இரண்டும் இப்படி அலைகின்றன, என்றைக்காவது ஒரு நாள் கார்த்திகேயனுடையது போய்விடும் என்றார். வாலோடு வாலைச் சேர்த்து ஒரு கோடு போட்டால் அவள் ஆயுசுக்கும் நிற்கும். கையில் உணர்ச்சி திரும்புமா என்று சிவரஞ்சனி கேட்டாள்.

“கட்டுனா இப்படியேதான் இருக்கும், ஆச்சி. போச்சுன்னா வரும்.”

இராமுவும் விசாலமும் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். விசாலம் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு, மகன் அசையாமல் இருக்கட்டும் என்று தம்பி, தம்பி என்று மெதுவாகக் கூப்பிட்டார். மீன் நின்றது. சரவணகுமார் மெஷினைப் போட்டார். ஊசி தோலுக்கு வந்தபோது சிவரஞ்சனி கையை எடுத்துக்கொண்டாள்.

“அண்ணே, என்னைய அரையாவே எழுதிக்கங்க. அவுக செத்துட்டாக. எனக்கு மட்டும் அது இன்னும் தெரியவே மாட்டேங்குது.”

விசாலம் மருமகளைப் பார்க்காமல் மீனையே பார்த்துக்கொண்டு, அப்போ எம்புள்ள எங்கே போவான் என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. எழுபது வயதுப் பெண்மணி ஒருவர், இத்தனை மாதமும் கேட்காமல் தள்ளி வைத்திருந்த ஒன்றைக் கேட்டார். அதைக் கேட்டும் சிவரஞ்சனிக்கு வருத்தம் வரவில்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்தது.

“உங்க கையக் குடுங்க, அயித்தை. நீங்களே வச்சுக்கங்க.”

“என் கை மரத்துருமா?”

“மரத்துரும்.”

விசாலம் கொஞ்ச நேரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வளையலை மேலே ஏற்றிவிட்டு மேஜை மேல் நீட்டினார். சரவணகுமார் இருவர் மணிக்கட்டையும் சேர்த்து வைத்து, கார்த்திகேயனுடைய மீனின் வாலில் தொடங்கி, மருமகளின் நாடியைத் தாண்டி, மாமியாரின் முன்கை வரைக்கும் முறுக்கிய கயிறாக ஒரு கோடு போட்டார். சிவரஞ்சனி பார்த்துக்கொண்டிருந்தாள். விசாலம் பல்லைக் கடித்துக்கொண்டார், கையை இழுக்கவில்லை. மெஷினை நிறுத்தியபோது முழங்கைப் பக்கம் ஒதுங்கியிருந்த சிவரஞ்சனியின் மீன் இறங்கி வந்தது. கார்த்திகேயனுடையது அதன் பக்கத்தில் போய், ஒன்றின் தலைப்பக்கம் மற்றதன் வாலாக, கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தது. மீனம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று சரவணகுமார் முதல் நாள் சொன்னாரோ அப்படியே இருந்தது. கீழே மொபைல் கடையில் யாரோ ரிங்டோன்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவனுடைய மீன் கயிற்றோடு நகர்ந்து, இரண்டு மணிக்கட்டும் ஒட்டிய இடத்தில் ஒரு கணம் நின்றுவிட்டு, அம்மாவின் கைக்குப் போய்விட்டது.

சிவரஞ்சனிக்கு முதலில் தெரிந்தது புண். எரியுது என்றாள். அதை ஏதோ செய்தி போலத்தான் சொன்னாள். காரில் ஏறும்போது மறுபடி சொன்னாள். குன்றக்குடி தாண்டுவதற்குள், இல்லை, அது எதிர்ப்பக்கம், கோட்டையூர் தாண்டுவதற்குள் அவள் கத்தி அழ ஆரம்பித்திருந்தாள், புண்ணுக்காக இல்லை என்பது காரில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் பெயர் சொன்னதில்லை. இராமு வண்டியை ஓரமாக நிறுத்தி, தானும் இறங்கி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புள்ளியில் அவளை அரை என்று எழுதினார்கள். விசாலத்தின் அரையையும் மீனையும் சேர்த்தால் முழுசாகாதா என்று ஒருவர் கேட்டுப் பார்த்தார். அம்மாவோடு இருக்கிற பிள்ளைக்குத் தனிப் புள்ளி கிடையாது என்று இராமு முடித்துவிட்டார்.

விஷயம் ஊரில் தெரிந்ததும், முன்பு வந்து மீனைப் பார்த்துவிட்டுப் போன பெண்கள் எல்லோரும் மறுபடி துக்கம் கேட்க வந்தார்கள். செத்து எவ்வளவு காலமாயிற்று என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இரண்டாம் கட்டில் சிவரஞ்சனியைச் சுற்றி உட்கார்ந்து, கட்டிப்பிடித்துக்கொண்டு, முறையாக அழுதார்கள். அவளும் குறையில்லாமல் அழுதாள். விசாலம் உட்கார்ந்த இடத்திலிருந்தே வந்தவர்களுக்கு ஒவ்வொருவராகக் காப்பி கொடுத்தார். வலது கை மரத்துப்போய் மடியில் கிடந்தது, அதில் மீன் நின்றது.

“இடது கையால குடுக்கிறேன், தப்பா நினைக்காதீக.”

யாரும் தப்பாக நினைக்கவில்லை. வாங்கிக் குடித்தார்கள்.