கைரியா கொடுத்த மனு

1876 ஆவணியில், கண்டி அரசாங்கக் கச்சேரி விறாந்தையில் ஜமால்தீன் ஒரு தாளை விரித்தார். காரைக்கால் கோர்ட்டுத் தாள். மௌத்தாகி மண்ணுக்குப் போன தம்பி றவூபின் மகள் ரபீகாவுக்கு இனி அவரே காப்பாளர் என்றது அது.

"புள்ள பொறந்தது காரைக்கால்ல. அதோட வாப்பா, என் தம்பி, பிரெஞ்சுக் குடி. புள்ளயும் அதேதான். இன்னைக்கே ரயிலேத்தப் போறேன்."

மூன்று வயது ரபீகாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள் கைரியா. "நான் கண்டியில பொறந்தவ. என் புள்ள எப்படி அந்நியமாகும்?"

கச்சேரியில் துரைக்கு மொழிபெயர்க்கும் முதலியார் தயங்கினார். "நீங்களும் இப்ப பிரெஞ்சுக் குடிதான் அம்மா. காரைக்காலாரை முடிச்ச அன்றைக்கே மகாராணியின் குடி இல்லாமல் போனீங்க."

நிக்காஹ் அன்று இதை அவளிடம் யாருமே சொல்லவில்லை.

"திரும்பக் கிடைக்காதா?"

"கைம்பெண்ணுக்கு வழியுண்டு. அஞ்சு வருஷம் இங்கே குடியிருந்ததுக்குச் சாட்சி வேணும், சத்தியம் செய்யணும். கவர்னர் சம்மதிச்சால், உங்களோட இங்கே வாழுற பிள்ளையும் சேரும். கப்பலேறிட்டால் சேராது. நாலு மணிக்குக் கச்சேரி பூட்டிடுவோம்."

மணி மூன்று. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கண்டியின் மஹய்யாவப் பகுதியில் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரியான வடிவம்மா, கோப்பி மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சாட்சி சொல்ல இப்பவே கச்சேரிக்கு வாங்க. இல்லாட்டி புள்ள போயிரும்."

"பாதி வேலையில போனா கங்காணி பேரை வெட்டிருவானே," என்றவள், கைரியாவின் முகத்தைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

கச்சேரிக் கதவருகே நின்ற ஜமால்தீன், உள்ளே இருந்த கச்சேரித் தலைவர் ஏஜென்டுத் துரையிடம் சொன்னார். "என் தம்பி பொஞ்சாதி காரைக்கால்ல குடித்தனம் பண்ணினவ. சாட்சி செல்லாது."

"பொய் துரை!" வடிவம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "பேறுகாலத்துக்குப் போனா. மூணே மாசம். இவ கோழிகளுக்கு நான்தான் இரை போட்டேன். மத்தபடி ஏழு வருசமா என் பக்கத்து வீடு."

ஏஜென்டுத் துரை சிரிக்காமல் எழுதினார். கவர்னரின் தீர்ப்பு வரும்வரை பிள்ளை தாயிடமே இருக்கட்டும் என்றார்.

சத்தியம் செய்யக் குர்ஆனில் கை வைத்தாள் கைரியா. றவூபுடைய நாட்டுக்கு இனி அவள் யாருமில்லை. ஆனாலும் கடைசிச் சொல்வரை சொன்னாள்.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கதவைத் தாழிட்டே இருந்தாள். ஒவ்வொரு தட்டலுக்கும் பிள்ளையை அள்ளிக்கொண்டாள். ஏழாம் கிழமை கவர்னரின் சான்று வந்தது. இருவர் பேரும் அதிலிருந்தன.

அன்று மாலை ஜமால்தீன் வாசலில் நின்றார். கண் கலங்கியிருந்தது. "ஒரு தரம் பார்த்துட்டுப் போறேன்."

கைரியா தாழை நீக்கினாள். "உள்ள வாங்க மச்சான். ஒங்க தம்பி புள்ளதானே."