பதினான்காம் பக்கத்தில் நிற்கும் லாரி

1

இந்தக் கதையை எழுத வைத்தது கற்பனை இல்லை, வெட்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு என்னிடம் ஒரு வேலை கொடுத்தது. சுங்கத் துறையும் சரக்கு நிறுவனங்களும் கைகோத்து நடத்துகிற திட்டம் ஒன்று இருக்கிறது. எங்கள் இடத்தில் பாதுகாப்பு ஒழுங்காக இருக்கிறது என்று நிரூபிக்கிற நிறுவனத்துக்கு அரசு ஒரு சான்றிதழ் கொடுக்கும். அது கிடைத்துவிட்டால் அவர்கள் அனுப்பும் பெட்டிகளுக்குச் சோதனை குறையும், துறைமுகத்தில் காத்துக்கிடப்பதும் குறையும். அந்தச் சான்றிதழுக்கு ஒரு பாதுகாப்புக் கையேடு வேண்டும், கேட்டில் நிற்பவர்களுக்கும் புரிகிற தமிழில் வேண்டும் என்றார்கள். நாவல் எழுதி யாரும் படிக்காமல் போன கடுப்பில் இருந்தேன். ஒப்புக்கொண்டேன். நாற்பது பக்கம்.

கன்டெய்னர் கதவைப் பூட்டுகிற சீலைப் பற்றிப் பதினான்காம் பக்கத்தில் இப்படி எழுதினேன்: "சீலைப் பார். எண்ணை ஒத்துப் பார். இழுத்துப் பார். திருகிப் பார். சந்தேகம் இருந்தால் வண்டி நகரக் கூடாது."

கடைசி வாக்கியத்தை எழுதும்போது ஒரு லாரியைக்கூட நான் மனதில் நினைக்கவில்லை. படிக்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கடலுக்கு மேலே எழுந்த செஞ்சூரியன், எண்ணூர் விரைவுச் சாலையில் அணிவகுத்து நின்ற லாரிகளின்

(நிறுத்திவிட்டேன். அந்தச் சாலையில் காலையில் தெரிவது சூரியன் இல்லை, முன்னால் நிற்கிற டிரெய்லரின் பின்பக்கம்.)

பிறகு இப்படி:

ஷம்ஷாத் ஒரு ஏழைப்

(இதைப் படித்தால் ஷம்ஷாத் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.*)

* நேரில் "ஷம்ஷாத்மா, வாங்க, போங்க" என்றுதான் பேசுவேன். கதைக்குள் வந்ததும் "அவள்" ஆகிவிட்டாள். எழுதுகிறவனுக்கு இந்த உரிமையை யார் கொடுத்தார்களோ தெரியவில்லை.

2 (மறுபடியும்)

ஷம்ஷாத் தண்டையார்பேட்டைக்காரி. வயது நாற்பத்து நான்கு. யார்டின் கேட்டில் சீல் பார்ப்பது அவள் வேலை. அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் ஒரு காஸ் ஏஜென்சியில் சிலிண்டர் மூடிகளைத் திருகிக் கசிவு பார்த்தவள். அதனாலோ என்னவோ, கண்ணைவிடக் கையை நம்புவாள். கன்டெய்னர் கதவில் மாட்டுகிற சீல் விரல் தடிமனுக்கு ஒரு இரும்பு ஆணி. பூட்டிவிட்டால் கட்டர் வைத்து வெட்டித்தான் எடுக்க முடியும். அப்படி அறுபது எழுபது சீல் தினமும் அவள் கையில் படும்.

திங்கட்கிழமை காலை ஒரு பெட்டி காட்டுப்பள்ளிக்குக் கிளம்பியது. மாலை நான்கு மணிக்குள் துறைமுகத்துக்குள் நுழையாவிட்டால் கப்பல் அதை விட்டுவிட்டுப் போய்விடும். ஓட்டியவன் அசோகன். காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை, படகு வேண்டாம் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தவன், ஏழு வருஷமாக அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன்.

அந்தப் பெட்டி முந்தின நாள் மாலைதான் தொழிற்சாலையிலிருந்து யார்டுக்குள் வந்திருந்தது. வந்தபோது சீலைத் திருகிப் பார்த்ததும் ஷம்ஷாத்தான். அசையவில்லை. இப்போது வெளியே போகும்போது மறுபடி திருகினாள். மரை கழல்கிற மாதிரி கால் சுற்று சுற்றியது. காகிதத்தில் இருந்த எண்ணும் சீலில் இருந்த எண்ணும் ஒன்றுதான். பார்வைக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் சுற்றியது. அப்படியென்றால் நேற்று மாலைக்கும் இன்று காலைக்கும் நடுவில், யார்டுக்குள்ளேயே யாரோ கைவைத்திருக்கிறார்கள். அதுவும் வியாழக்கிழமை சான்றிதழ் அதிகாரி வரப்போகிற நேரத்தில்.

"நம்பரு கரீட்டாதான கீது? உட்டுடுக்கா," என்றான் அசோகன்.

"நம்பரு கரீட்டாதான் கீது நைனா. கைக்கு சரியா படல."

3

இங்கே நான் கதைக்குள் வருகிறேன். வராமல் இருந்திருக்கலாம் என்று ஆசைதான்.

ஷம்ஷாத் எனக்குப் போன் செய்தாள். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் என் எண் இருந்தது.

"சாரு, பதினாலாம் பக்கத்துல வண்டி நகரக் கூடாதுன்னு எழுதிக்கிறியே. அது நெஜமா, இல்ல ஆபீசருக்குக் காட்டறதுக்கா?"

"நகரக் கூடாது என்றால் நகரக் கூடாதுதான்," என்று நான் உறுதியான குரலில்

(பொய். வரைவில் இதை மூன்று தடவை எழுதி மூன்று தடவை அடித்தேன்.)

நான் சொன்னது இதுதான்: அது பொதுவான ஒரு வழிகாட்டி, எதற்கும் மேனேஜரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை கொடுத்தவர்களைப் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. நான் எழுதிய வாக்கியத்தை நானே நடுத்தெருவில் விட்டுவிட்டேன்.

"சரி சாரு. அப்ப நான் படிச்ச மாதிரியே செய்றேன்," என்று வைத்துவிட்டாள்.

கேட்டின் குறுக்கே சங்கிலியைப் போட்டாள். சம்பவப் பதிவேட்டை எடுத்தாள். ஆறு மாதமாக ஒரு வரிகூட ஏறாத புத்தகம் அது. தேதி, நேரம், பெட்டி எண் எழுதி, அதற்குக் கீழே "சீல் சுத்துது, வண்டி நிறுத்தம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மேனேஜர் கருணாகரன் ஓடி வந்தார். அவரை வில்லனாக்க எனக்கு மனமில்லை. மதிலை உயர்த்தி, கேமரா மாட்டி, ஒன்றரை வருஷமாக இந்தச் சான்றிதழுக்காக நாய் படாத பாடு பட்டவர். அது வந்தால்தான் யார்டுக்கு வேலை வரும், நூற்றுநாற்பது பேர் பிழைப்பார்கள் என்று உண்மையாகவே நம்புகிறவர். பழைய சீலை வெட்டிவிட்டுப் புதுசு போட்டுக் காகிதத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றார். கெஞ்சினார். பிறகு மிரட்டினார். ஷம்ஷாத் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து சங்கிலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு மணி ஆனது. கப்பல் கைவிட்டுப் போனது. அன்று முழுக்க அவளோடு பேசாமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்த அசோகன் இறங்கி வந்தான். பதிவேட்டைக் கேட்டு வாங்கினான். அவள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டான். ஒருத்தி சொல்வதைவிட இரண்டு பேர் சொல்வது நிற்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

(இந்த விவரமெல்லாம் செவ்வாய்க்கிழமை கேட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டே அசோகன் சொன்னது. ஷம்ஷாத் அவனை இடைமறித்து ஒரே ஒரு திருத்தம் செய்தாள்: நாற்காலியை அவள் தூக்கிக்கொண்டு வரவில்லையாம், காலால் தள்ளிக்கொண்டு வந்தாளாம்.)

4

இன்று புதன்கிழமை. காலையில் கருணாகரனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பதினான்காம் பக்கத்தின் கடைசி வாக்கியத்தை இப்படி மாற்ற வேண்டுமாம்: "சந்தேகம் இருந்தால், மேலாளரின் அனுமதி பெற்ற பிறகே வண்டியை நிறுத்தலாம்." தேதி மட்டும் பழைய தேதியாகவே இருக்கட்டுமாம். பின்னாலேயே போனும் வந்தது. ஒரு வாக்கியம்தானே சார் என்றார்.

ஒரு வாக்கியம்தான். பழைய பக்கம் இருக்கும்வரை ஷம்ஷாத் விதிப்படி நடந்தவள். புதுப் பக்கம் வந்துவிட்டால் விதியை மீறிக் கப்பலைத் தவறவிட்டவள். நாளை அதிகாரி முன்னால் பெட்டியைத் திறக்கப்போகிறார்கள். உள்ளே எதுவும் குறையவில்லை என்றால், மாலையே அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதைச் செய்யப்போவது நான் எழுதித் தரும் வாக்கியம்.

4½

பெட்டிக்குள் என்ன இருந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் பாதிச் சரக்கைக் காணோம், ஷம்ஷாத்துக்குப் பாராட்டு, கைதட்டல். ஒன்றில் எவனோ ஏற்றிவைத்த கடத்தல் பொட்டலம். ஒன்றில் எல்லாம் அப்படியே இருக்கிறது, சீல்தான் மட்டம், அவள் தலைகுனிந்து

(இல்லை. அவள் தலைகுனிய மாட்டாள். எனக்கு அந்த ஷம்ஷாத்தைத் தெரியாது.)

மூன்றையும் கிழித்தேன். பெட்டிக்குள் ஏதாவது இருந்தால்தான் அவள் செய்தது சரி என்று ஆகிவிடக் கூடாது. திங்கட்கிழமை காலை, கை சொன்னதும் விதி சொன்னதும் ஒன்றாக இருந்தபோதே அவள் செய்தது சரி.

5

மதியம் கருணாகரனுக்குப் பதில் எழுதினேன். பக்கத்தை மாற்ற மாட்டேன். அடுத்த பதிப்பு வந்தால் இரண்டு சொல் சேர்க்கச் சம்மதம், வேறு எதற்கும் சம்மதமில்லை: "சந்தேகம் இருந்தால் வண்டி நகரக் கூடாது, யார் சொன்னாலும்." ஆறு மாதத்துக்கு முன்னால் அனுப்பிய அசல் கோப்பை, அந்தத் தேதியோடு, ஷம்ஷாத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நாளை அதிகாரியிடம் காட்டுங்கள், திங்கட்கிழமை நான் போனில் சொன்னது தப்பு, வேண்டுமானால் நானே வந்து சொல்கிறேன் என்றும் எழுதினேன். இனி அந்த யார்டு எனக்கு வேலை தராது. போகட்டும்.

ஷம்ஷாத்திடமிருந்து குரல் பதிவில் பதில் வந்தது. பின்னால் லாரிகளின் ஹாரன்.

"பாத்தேன் சாரு. இத்தத்தான் அன்னிக்கே படிச்சேனே. நீதான் மறந்துட்ட. நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்துடு."

போகிறேன். ஆனால் கதையை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன். நாளை பதினோரு மணிக்கு அதிகாரி கட்டரை வைத்துச் சீலை வெட்டுவார், கதவு திறக்கும். உள்ளே என்ன என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சரக்கு முழுசாக இருக்கலாம், பாதி இருக்கலாம், நான் நினைத்தே பார்க்காத ஏதாவது இருக்கலாம். எதை வேண்டுமானாலும் வையுங்கள். ஷம்ஷாத்தை மட்டும் கேட்டிலிருந்து நகர்த்தாதீர்கள்.