எலினா சொன்ன சாட்சி

மில்லில் போட்ட மருத்துவ முகாமுக்கு எலினா போனதே கொஞ்ச நேரம் உட்காருவதற்குத்தான். நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் பிரிவில் எட்டு மணி நேரம் நடந்துகொண்டே வேலை பார்க்கிறவளுக்கு அரை மணி நேரம் நாற்காலி கிடைத்தால் கசக்குமா? பிரஷர் பார்ப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், சத்து மாத்திரை அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வருஷா வருஷம் அப்படித்தான். இந்த வருஷம் வந்த பெண் டாக்டர் மட்டும் ஸ்டெதாஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்தவர் எடுக்கவே இல்லை. இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி மறுபடியும் வைத்தார்.

"படி ஏறுனா மூச்சு வாங்குமா?"

"யாருக்குத்தான் வாங்காது?" என்றாள் எலினா.

மதுரையில் எக்கோ எடுத்தார்கள். சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் இதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டதாம். முப்பத்தெட்டு வயதுவரை அது மூச்சுக் காட்டாமல் கூடவே இருந்திருக்கிறது. நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, பழைய வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைக்க வேண்டும். மில் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குப் பிடிப்பதால் அங்கே கடிதம் வாங்கி வந்தால் போதும், தேதி உடனே கிடைக்கும் என்றார் டாக்டர். 'அறுத்து' என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எலினாவின் காதில் ஏறவில்லை.

ராஜபாளையம் திரும்புகிற பஸ்ஸில் கணவன் கிறிஸ்டோவிடம் கேட்டாள்.

"எத வச்சு அறுப்பாங்களாம்?"

"மயக்கத்துல ஒண்ணும் தெரியாது எலினா."

"எனக்குத் தெரியாட்டி போகுது. எத வச்சுன்னு கேக்கேன்."

கிறிஸ்டோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், எந்தச் சந்தில் வேண்டுமானாலும் வண்டியை ரிவர்ஸ் எடுத்துவிடுவான். பெண்டாட்டியின் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு முழித்தான்.

அதுவரைக்கும் போடச் சொல்லி நீர் மாத்திரையும் படபடப்புக்கு ஒரு மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். "இது தாக்காட்டத்தான்மா. இதுல சரியாகாது" என்று டாக்டர் அழுத்திச் சொல்லித்தான் அனுப்பினார். எலினா மாத்திரையை ஒழுங்காகப் போட்டாள். இ.எஸ்.ஐ. கடிதத்துக்குத்தான் போகவில்லை. கிறிஸ்டோ கேட்டபோதெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்றாள். பத்தே நாளில் உடம்பு லேசானது. கால் வீக்கம் வடிந்தது, மல்லாந்து படுக்க முடிந்தது.

அவர்களுடைய சபை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில். மொத்தம் இருபத்திரண்டு படி. இரண்டு வருஷமாகப் பாதியில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் பாவனை காட்டித்தான் ஏறிக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கடகடவென்று ஏறி மேலே போய் நின்றபோது அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம், ஆண்டவர் தனக்குச் செய்ததை எழுந்து சொல்வதற்கு. பாஸ்டர் தேவஇரக்கம், "யாராவது சாட்சி சொல்றீங்களா?" என்று கேட்டார். எலினா சட்டென்று எழுந்துவிட்டாள்.

"நெஞ்சை அறுக்கணும்னு மதுரையில சொல்லிட்டாங்க. நான் ஆண்டவர்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். இன்னைக்கு இருபத்திரண்டு படியும் நிக்காம ஏறி வந்திருக்கேன்."

நூறு பேர் கை தட்டினார்கள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று கூடம் அதிர்ந்தது. சொன்னதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. கைப்பையில் இருந்த மாத்திரை அட்டையை மட்டும் அவள் சொல்லவில்லை. இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டால் ஆண்டவர் எப்படியும் செய்துதான் ஆக வேண்டும் என்று ஒரு கணக்கு. கடவுளையே மாட்டிவிடப் பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பயம் மனுஷியை என்னென்னவோ செய்ய வைக்கிறது. கிறிஸ்டோ மட்டும் கை தட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று வாரம் கழித்து, ஆராதனை முடிந்து இறங்கும்போது பாலம்மாள் அவளைப் படியிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டாள். வத்திராயிருப்பிலிருந்து வருகிறவள், தேங்காய்க் களத்தில் உரிக்கிற வேலை. புருஷன் போன பிறகு சபைக்கு வந்தவள், வந்ததிலிருந்து ஒரு வாரம் தவறியதில்லை. பக்கத்தில் அவளுடைய ஒரே மகள் ஜெபா, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். இருபத்திரண்டு வயது. சபையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுக்கிறவள்.

"உன் சாட்சிதான் எங்களுக்குக் கண்ணத் தொறந்துச்சு எலினா. இவளுக்கும் அதே வால்வுதான். எட்டு மாசம் காத்துக் கெடந்து போன புதங்கெழமைக்குத் தேதி குடுத்திருந்தாங்க. நாங்க போகல. விசுவாசத்துல அரைகொறை எதுக்குன்னு மாத்திரையும் நிறுத்தியாச்சு."

எலினா ஜெபாவின் காலைப் பார்த்தாள். செருப்பு வார் சதைக்குள் பதிந்து கிடந்தது.

"மாத்திரைய நிறுத்த வேண்டாமேக்கா" என்றாள் மெல்ல.

"நீ நிறுத்தலையா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள் பாலம்மாள். சுற்றி ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். எல்லா முகத்திலும் அன்றைக்குக் கை தட்டிய அதே வெளிச்சம்.

"நிறுத்திட்டேன்" என்றாள் எலினா.

அந்த ஒரு வார்த்தை அவளைச் சாப்பிடவும் விடவில்லை, வேலை பார்க்கவும் விடவில்லை. மெஷினில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தவள், செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்டின் பாதியில் சூப்பர்வைசரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி வத்திராயிருப்பில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனாள்.

ஜெபா சுவரில் மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். ஒரு வாக்கியம் பேசுவதற்குள் இரண்டு தடவை நிறுத்தினாள். எலினா தரையில் உட்கார்ந்து, பையிலிருந்த அட்டையை எடுத்துப் பாயில் வைத்தாள்.

"நான் பொய் சொன்னேன்க்கா. மாத்திரை போட்டுத்தான் படி ஏறுனேன். இன்னைக்குக் காலையிலகூடப் போட்டேன். எனக்கு ஆப்ரேஷன்னா பயம். அதான் அப்படிச் சொன்னேன்."

பாலம்மாள் அட்டையைத் தொடவே இல்லை. "ஒன்னய யாரும் மெரட்டுனாங்களா? பிசாசு இப்படித்தான் விசுவாசத்தக் கலைக்கும். எந்திரி, ஜெபம் பண்ணுவோம்."

ஜெபாதான் எட்டி எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். காலியான குழிகளை விரலால் எண்ணினாள்.

"எம்மா, எனக்குக் குடுத்த அதே மாத்திரைதாம்மா."

பாலம்மாள் மகளைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். எலினாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளே கிறிஸ்டோவும் எலினாவும் அவர்களை மதுரைக்கு அழைத்துப் போனார்கள். நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்கிறது, இந்த நிலைமையில் நெஞ்சைத் திறக்க முடியாது, மருந்து கொடுத்து முதலில் தேற்ற வேண்டும், ஒரு மாதமாவது ஆகும் என்றார்கள். போன புதன்கிழமை வந்திருக்கலாமே என்று யாரோ கேட்டார்கள்.

எலினா அன்றைக்கே இ.எஸ்.ஐ. கடிதத்துக்கு அலைந்தாள். பன்னிரண்டாம் நாளுக்கே தேதி கிடைத்தது. வேறொரு ஆஸ்பத்திரி. கவுண்டரில் இருந்த பெண்ணிடம், "என் தேதியை இன்னொருத்திக்கு மாத்திக் குடுக்கலாமா?" என்று கேட்டாள்.

"பஸ் சீட்டாம்மா இது, மாறி உக்காந்துக்கறதுக்கு?" என்றாள் அந்தப் பெண், எரிச்சலாகக்கூட இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஜெபாவின் வார்டுக்குப் போனாள். நான் உனக்குப் பிறகு பண்ணிக்கொள்கிறேன், தள்ளிப்போடச் சொல்கிறேன் என்று அழுதாள். ஜெபா மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சிரித்தாள்.

"அதெல்லாம் வேண்டாம்க்கா. நீங்க போய்ட்டு வாங்க. எம்புட்டு வலிக்குதுன்னு வந்து சொல்லுங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எலினா ஸ்ட்ரெச்சரில் ஏறினாள். நெஞ்செலும்பை அறுக்கப்போகிற ரம்பத்தைப் பற்றிக்கூட நினைக்கவில்லை. போய்விட்டு வந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கண் விழித்தபோது தொண்டையில் குழாய், நெஞ்சின் மேல் பாறாங்கல்லைத் தூக்கி வைத்ததுபோல் வலி. இருமினால் உயிர் போனது. ஆனால் தாங்க முடிந்தது. தாங்கலாம் ஜெபா என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாலாம் நாள் வார்டுக்கு மாற்றியதும் கிறிஸ்டோவிடம் முதலில் கேட்டது அதைத்தான்.

"ஜெபாவுக்கு ஒரு போன் போட்டுத் தாங்க."

"பொறவு பேசலாம். நீ பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

மூன்று நாள் இதையே சொன்னான். மூன்றாம் நாள் சொல்லும்போது குரல் உடைந்தது. எலினாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் மயக்கத்தில் கிடந்த அன்றைக்குச் சாயங்காலமே ஜெபா போய்விட்டாளாம். வத்திராயிருப்பில் அடக்கமும் முடிந்திருந்தது. வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. அழுதால் எலும்பில் போட்ட கம்பி பிரிந்துவிடும் என்று நர்ஸ் வந்து அதட்டினாள்.

இரண்டு மாதம் கழித்துச் சபைக்குப் போனாள். இருபத்திரண்டு படியும் நிற்காமல் ஏறினாள். இந்தத் தடவை மாத்திரையால் இல்லை. உலோக வால்வு என்றால் சத்தம் கேட்கும் என்று சொல்லியிருந்தார்கள். கடிகாரம்போல் டிக் டிக்கென்று அது அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் கண்ணை மூடி மௌனமாக ஜெபிக்கிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். பாஸ்டர் சாட்சி நேரம் என்றபோது எல்லார் கண்ணும் எலினாமேல் இருந்தது. அவள் எழுந்தாள். மாத்திரை அட்டையிலிருந்து ஆரம்பித்து, 'நிறுத்திட்டேன்' என்று சொன்னதுவரை ஒன்றுவிடாமல் சொன்னாள். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

பாலம்மாள் கடைசி வரிசையில் இருந்தாள். கூட்டம் கலைந்து எல்லாரும் இறங்கிப் போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து எலினா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சத்தம் கேக்குமாமே" என்றாள் பாலம்மாள்.

எலினா தலையாட்டினாள். பாலம்மாள் குனிந்து, முக்காட்டை ஒதுக்கி, காதை அவள் நெஞ்சில் வைத்தாள். தையல் போட்ட இடம் வலித்தது. எலினா அசையவில்லை. கீழே ஜெராக்ஸ் கடைக்காரன் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தான்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் பாலம்மாள். காதை எடுக்காமலே மறுபடியும் கேட்டாள். "இம்புட்டுத்தானா எலினா?"

எலினா மூச்சை அடக்கிப் பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை.